நடக்க ஒரு கடல், குளிக்க ஒரு கடல்

தமிழ்நாட்டின் கடற்கரை வடக்கே பழவேற்காட்டில் தொடங்கி, குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு, கேரள எல்லையில் இருக்கும் நீரோடி வரை போகிறது. நீளம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். காலையில் குடும்பத்தோடு கிளம்பி, கடலோரம் நடந்து, நீரில் நனைந்து, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடும் பயணத்துக்கு இந்தக் கரை நெடுக இடம் இருக்கிறது. ஆனால் நடக்க ஏற்ற இடமெல்லாம் குளிக்க ஏற்ற இடமாகிவிடாது. ஒரு நாள் பயணம் நல்லபடியாக முடிவது பெரும்பாலும் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதில்தான் இருக்கிறது.

வரைபடத்தில் ஒரே நீலமாகத் தெரிந்தாலும் இந்தக் கரையைத் தொடும் கடல் குணத்தால் நான்கு. பழவேற்காடு முதல் கோடியக்கரை வரை இருப்பது திறந்த வங்கக்கடல். அலையைத் தடுக்க எதிரே நிலமே கிடையாது. கோடியக்கரையைத் தாண்டினால் இலங்கைக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் அடைபட்ட, ஆழம் குறைந்த பாக் விரிகுடா. பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா. குமரியைத் திரும்பினால் அரபிக்கடல். குழந்தையை எங்கே நீரில் இறக்கலாம், எந்த மாதத்தில் இறக்கலாம் என்ற கேள்விகளுக்கு விடை இந்த நான்கின் இயல்பில் இருக்கிறது.

கடலுக்குக் குடும்பத்தோடு போவது இங்கே புதுப்பழக்கம் இல்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து மக்கள் கடலாடிவிட்டு உப்புப் போக ஆற்று நீரில் குளிப்பதும், நண்டை விரட்டுவதும், மணலில் பாவை செய்து விளையாடுவதும் வருகின்றன. மாசி மகத்துப் பௌர்ணமியில் இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, மணலிலேயே தங்கி, கன்னியம்மாளை வழிபட்டு, அங்கேயே திருமணங்களும் நடத்துகிறார்கள். ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் கடலில் முழுகும் நாட்கள். காணும் பொங்கலன்று மெரினாவில் கூடும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். அன்றைக்குக் குழந்தைகள் தொலைந்துபோகாமல் இருக்க, பெற்றோரின் போன் எண் எழுதிய பட்டையைக் காவல்துறையே குழந்தையின் மணிக்கட்டில் கட்டிவிடுகிறது. கூட்டத்துக்கும் அலைக்கும் நடுவே தடுப்பும் போட்டுவிடுகிறார்கள்.

அந்தத் தடுப்புக்குக் காரணம் இருக்கிறது.

இழுப்பு

மெரினாவில் குளிக்கத் தடை உண்டு. எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டும் இறங்குகிறவர்கள், ஆழம் இருக்குமிடத்தில்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். திறந்த வங்கக்கடலில் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் இழுப்புதான்.

அலை அலையாகக் கரைக்கு வந்து குவியும் நீர் திரும்பிப் போயாக வேண்டும். கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் மணல்திட்டு இருக்கும். அந்தத் திட்டில் எங்கே பள்ளம் விழுந்திருக்கிறதோ, அந்த வழியாகத் தேங்கிய நீர் மொத்தமும் வாய்க்கால்போல் கடலுக்குள் பாயும். கரையில் நின்று பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருக்க, நடுவே ஒரு பட்டையில் மட்டும் அலை உடையாது. நீர் அங்கே கொஞ்சம் கருத்து, அமைதியாக இருப்பதுபோல் தோன்றும். மிதக்கும் நுரையும் கலங்கிய மணலும் உள்பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும். அலை இல்லாத இடம் நல்ல இடம் என்று எண்ணி, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சரியாக அங்கேயே குழந்தையை இறக்கிவிடுகிறார்கள். இதைவிட வேதனையான தவறு கடற்கரையில் வேறில்லை.

இழுப்பு ஆளை அடியில் அமுக்குவதில்லை. உள்ளே கொண்டுபோகும், அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் வலுவிழந்துவிடும். கரையை நோக்கி எதிர்த்து நீந்துகிறவர்தான் களைத்து மூழ்குகிறார், நன்றாக நீந்தத் தெரிந்தவர்கூட. செய்ய வேண்டியது மல்லாந்து மிதப்பது, கையைத் தூக்கி உதவி கேட்பது, தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக ஒரு பக்கமாக நீந்தி இழுப்பிலிருந்து விலகுவது. விலகியபின் அலையே கரைப்பக்கம் தள்ளும். கரையில் இருப்பவர் உடனே குதித்துவிடக் கூடாது. மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேன், பந்து, கயிறு என மிதப்பதையும் நீட்டக்கூடியதையும் எறிந்துவிட்டு, உயிர்காப்புக் குழுவையோ பக்கத்தில் இருக்கும் மீனவர்களையோ கூப்பிட வேண்டும். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் ஒன்றாகப் போய்விடும் செய்திகளில், முதலில் சிக்கியவரைக் காப்பாற்றப் போனவர்களும் இருப்பார்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளையாக நிற்கும் நினைவு வளைவு அப்படி ஒரு மரணத்தின் அடையாளம். 1930-ல் நீரில் தவித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரிழந்த டேனிஷ்காரர் ஷ்மிட்டுக்காக எழுப்பப்பட்டது அது. அதன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறவர்கள் குழந்தைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லலாம்.

முழங்கால் அளவு நீரிலும் கவனம் தேவை. அலை திரும்பும்போது குதிகாலுக்கடியில் இருக்கும் மணலை அரித்துக்கொண்டு போகும். பாதம் ஒரு பக்கமாகச் சாயும், உடல் கடலை நோக்கி ஓரடி சரியும். பெரியவருக்கு அது கிச்சுகிச்சு மூட்டுவதுபோல இருக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கோ நிற்கிற தரையே நழுவுகிறது. குழந்தையின் விரலைப் பிடித்திருந்தால் ஈரத்தில் வழுக்கிவிடும். மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுப்பது வேண்டாம். ஆறும் கழிமுகமும் கடலில் சேரும் முகத்துவாரங்களில் இறங்கவே கூடாது. அங்கே தரை நாளுக்கு நாள் மாறும்.

துறைமுகம் கொடுத்த மணல், எடுத்த மணல்

குளிக்கத் தடை இருந்தாலும் நடப்பதற்கு மெரினாவைப்போல் ஒன்று இல்லை. இந்தக் கரையோரம் ஆண்டு முழுவதையும் கணக்கில் எடுத்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் தடுக்கப்பட்டுத் தெற்கே குவிந்தது. இன்று சாலையிலிருந்து அலை வரைக்கும் கால் கடுக்க நடக்கிற அகலம் அப்படி வந்ததுதான். கவர்னர் கிராண்ட் டஃப் கடலோர நடைபாதையை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தது 1880-களில். மெரினாவுக்குக் கிடைத்த மணல் வடக்கே ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் கிடைக்காமல் போனது. அங்கே மீனவர் குப்பங்களைக் கடல் தின்றது. இன்று அந்தப் பக்கம் நெடுக இருப்பது பாறைத் தடுப்பு.

இதே கதை புதுச்சேரியில் நகரத்துக்கு எதிராகத் திரும்பியது. 1980-களின் இறுதியில் அங்கே கட்டிய துறைமுகம் நகருக்குத் தெற்கே இருப்பதால், காந்தி சிலைக்கு முன்னால் இருந்த மணல் கரை காணாமல் போய், கருங்கல் சுவர் வந்தது. 2018-ல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நீருக்கடியில் ஆப்பு வடிவ இரும்புக் கட்டமைப்பை இறக்கிய பிறகு ஒரு பகுதியில் மணல் திரும்பி வந்தது. தாத்தா பாட்டியோடு போகிறவர்களுக்கு அந்தக் கடற்கரைச் சாலை ஒரு வரம். மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். தரை சமம், உட்கார இடம் உண்டு. மெரினாவிலும் 2022-ல் மாற்றுத்திறனாளிகளுக்காக நிரந்தர மரப்பாதை போடப்பட்டது. சில நாட்களிலேயே மாண்டஸ் புயலில் சேதமாகி மறுபடி சரிசெய்யப்பட்டது. சக்கர நாற்காலியில் இருப்பவர் முதல்முறையாக அலைக்குப் பக்கத்தில் போய் நிற்பதை அங்கே பார்த்தவர்களுக்கு, இப்படி ஒரு பாதை ஒவ்வொரு கடற்கரையிலும் ஏன் இல்லை என்ற கேள்வி தானாக எழும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரையிலான ஐம்பத்தைந்து கிலோமீட்டரில் நடை, குளியல் இரண்டுக்கும் இடம் கிடைக்கும். குளிக்க ஒதுங்க வேண்டிய இடம் கோவளம். 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை இது. புதுச்சேரியின் ஈடன் கடற்கரைக்கும் அதே ஆண்டு கிடைத்தது. டென்மார்க்கில் இருக்கும் அமைப்பு ஒன்று நீரின் தூய்மை, பாதுகாப்பு, கழிவறை, குப்பை மேலாண்மை என 33 அளவுகோல்களைப் பார்த்துத் தரும் சான்று அது. குடும்பத்துக்கு அதில் முக்கியம் இரண்டு: குளிக்கலாம் என்று குறித்துவைத்த பகுதி, அங்கே கண்காணிக்கும் உயிர்காப்பாளர்கள். அந்தப் பகுதியைவிட்டு நூறு மீட்டர் தள்ளி இறங்கினால் கடல் பழையபடி திறந்த வங்கக்கடல்தான்.

நடைக்கு ஒன்று மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் சாளுவன்குப்பத்திலிருந்து மாமல்லபுரம் வரை, கரையோரமாகச் சுமார் ஐந்து கிலோமீட்டர். புலிக்குகையில் தொடங்கலாம். அதற்கு அருகிலேயே, 2004 சுனாமி மணலை அரித்துக் கல்வெட்டுள்ள பாறையை வெளிக்கொண்டுவந்த பிறகு தொல்லியல் துறை தோண்டிக் கண்டெடுத்த முருகன் கோயிலின் செங்கல் அடித்தளம் இருக்கிறது. பல்லவர் கட்டுமானத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் வேலை தெரியும். அங்கிருந்து தெற்கே நடந்தால் வலப்பக்கம் சவுக்குத் தோப்பு, இடப்பக்கம் கடல், எதிரே நெடுநேரம் புள்ளியாகத் தெரிந்து மெல்லப் பெரிதாகும் கடற்கரைக் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கோயிலைக் காரில் போய் இறங்கிப் பார்ப்பது ஒன்று. கடலோரமாக நடந்துபோய் அடைவது வேறு. கோயிலை ஒட்டிய கடலில் மட்டும் குளிக்க வேண்டாம். பாறைகளும் இழுப்பும் சேர்ந்த இடம் அது.

மணலில் நடப்பதற்கு நுணுக்கம் இருக்கிறது. காய்ந்த மணலில் ஒரு கிலோமீட்டர் நடப்பது சாலையில் இரண்டு கிலோமீட்டர் நடந்த களைப்பைத் தரும். அலை வந்து போன ஈரப் பட்டைதான் கெட்டித் தரை. கரை சரிவாக இருப்பதால் போகும்போது ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் விழும். முட்டிவலி உள்ளவர்கள் சரிவு குறைந்த இடம் பார்த்து நடப்பது நல்லது. ஓதம் ஏறி இறங்கும் அளவு சென்னைப் பக்கம் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும் என்பதால், சில நாடுகளைப்போல நடந்துபோனவர்கள் திரும்ப வழியின்றி நீரால் சூழப்படும் பயம் இங்கே இல்லை. இங்கே பயப்பட வேண்டியது வெயிலுக்கு. சித்திரையில் ஒன்பது மணிக்கெல்லாம் மணல் காலைச் சுடும். ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும். நண்பகலை ஒட்டிக் கடல்காற்று திரும்பினால் வெப்பம் தணியும். மாலை நான்கரைக்கு மேல் மறுபடி கரைக்கு வரலாம்.

குழந்தைகள் தூரத்தை அளப்பதில்லை, பொருட்களை எண்ணுகிறார்கள். வளைக்குள் ஓடி மறையும் நண்டு, உருண்டையாகப் பறக்கும் ராவணன் மீசை, ஊதாப்பூ பூத்த அடும்பங்கொடி, சிப்பி, அறுந்த வலைத்துண்டு என்று ஒவ்வொன்றாக நின்று பார்த்துக்கொண்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்துவிடுவார்கள். ராவணன் மீசையும் அடும்பும்தான் மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை. பிடுங்காமல் பார்த்தால் போதும். ஒதுங்கிக் கிடக்கும் ஜெல்லி மீனைச் செத்தது என்று நினைத்துத் தொடக் கூடாது, காய்ந்தாலும் கொட்டும். கொட்டிவிட்டால் தேய்க்காமல் கடல்நீராலேயே கழுவ வேண்டும்.

தரங்கம்பாடிக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, கடல் பாதியைத் தின்றுவிட்ட மாசிலாமணி நாதர் கோயில், 1718-ல் கட்டிய தேவாலயம் எல்லாம் நடக்கிற தூரத்துக்குள். அது கால் நனைக்கிற கடல், குளிக்கிற கடல் இல்லை.

ஆண்கடல், பெண்கடல்

ராமேஸ்வரம் தீவில் வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். தனுஷ்கோடிச் சாலையில் நின்றால் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஒரு பக்கம் குளம்போலச் சலனமில்லாத நீர். மறுபக்கம் இரைச்சலோடு அலை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இந்த வேறுபாடு துல்லியம். வடகிழக்குப் பருவம் வந்ததும் தலைகீழாகி, பெண்கடல் கொந்தளிக்கத் தெற்குப் பக்கம் தணிந்துவிடும். மீனவர்களும் அதற்கேற்ப வள்ளங்களைக் கரை மாற்றிக்கொள்கிறார்கள். எந்தக் கரையில் வள்ளங்கள் நிற்கின்றன என்று பார்த்தாலே அன்றைய கடலின் மனநிலை தெரிந்துவிடும்.

நீச்சல் தெரியாத குழந்தைகளோடு கடலில் குளிக்கத் தமிழ்நாட்டில் பொருத்தமான இடம் இந்தப் பாக் விரிகுடாக் கரைதான். வடகிழக்குப் பருவம் தவிர மற்ற மாதங்களில் அலை சிறியது, ஆழம் மெதுவாகத்தான் கூடும். ராமேஸ்வரத்திலிருந்து மண்டபம் தாண்டி உச்சிப்புளிப் பக்கம் இருக்கும் அரியமான் கடற்கரையில், சவுக்கு நிழலில் பாயை விரித்து, புளியோதரையும் தயிர்சாதமும் பிரித்துவைத்துவிட்டு, பெரியவர் ஒருவர் இடுப்பளவு நீரில் அரணாக நின்றுகொண்டு குழந்தைகளை ஆடவிடலாம். அக்னி தீர்த்தத்தில் ஆயிரக்கணக்கான யாத்ரீகர்கள், நீந்தத் தெரியாத வயதானவர்கள் உட்பட, தினமும் முழுகி எழுவதும் இந்தக் கடலின் அமைதியால்தான்.

தனுஷ்கோடி நடப்பதற்கு. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி அடித்த புயல் ஊரையே அழித்தது. ரயில் ஒன்று பயணிகளோடு கடலில் போனது. தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் எச்சங்களும் மணலில் நிற்கின்றன. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தபிறகு எல்லோரும் வண்டியிலேயே முனைக்குப் போய்த் திரும்பிவிடுகிறார்கள். பழைய ஊரில் இறங்கி அரைமணி நேரம் நடந்தால், கரைவலை இழுப்பதைப் பார்க்க வாய்ப்புண்டு. இரண்டு வரிசையாக ஆட்கள் கயிற்றை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு, முதுகைப் பின்னால் சாய்த்து, குதிகாலை மணலில் ஊன்றி ஓரடி ஓரடியாகப் பின்வாங்குவார்கள். வலையின் மடி கரைக்கு வர நேரம் பிடிக்கும். அரிச்சல்முனையில் இரண்டு கடலும் மோதும் இடத்தில் நீரில் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

குமரிப் பக்கம்

கன்னியாகுமரியில் குளிப்பதற்கு இருக்கும் இடம், பாறைகள் அணைகட்டிய திரிவேணி சங்கமம். மற்ற கடற்கரைகளில், சொத்தவிளையிலும் சங்குத்துறையிலும் முட்டத்திலும், அந்திச் சூரியனைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம். மேற்குக் கரையில் வைகாசி கடைசி முதல் புரட்டாசி வரை கடல் மிகக் கடுமை. மார்கழி முதல் பங்குனி வரை தணிந்திருக்கும்.

தணிந்திருக்கும் காலத்திலும் ஓர் அபாயம் உண்டு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குத் தெற்கே, இந்துமாக்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயல் எழுப்பும் அலைகள் சில நாட்கள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. திடீரென்று கடல் ஏறிவரும். திருடனைப்போலச் சொல்லாமல் வருவதால் கேரள மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்றார்கள்; இன்று உலக அளவில் விஞ்ஞானிகளும் அந்தச் சொல்லையே எடுத்தாள்கிறார்கள். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாளில்தான். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் நாளில் வானிலையைப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டது. கடலலை எச்சரிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உடையும் நல்ல தண்ணீரும்

கடற்கரைக்குப் போகும் குடும்பங்களில் பெரும்பாலும் ஆண்களும் குழந்தைகளும் நனைகிறார்கள். பெண்கள் கரையில் பையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசை இல்லாததால் இல்லை. நனைந்தபின் உடை மாற்றக் கதவுள்ள அறை கிடையாது என்பதே முதல் காரணம். இறங்குகிறவர்களும் புடவையோடும் துப்பட்டாவோடும் இறங்குகிறார்கள். ஆறு கஜம் நனைந்தால் கனக்கும், காலைச் சுற்றும், இழுப்பில் சிக்கினால் அதுவே ஆளை அமுக்கும். உடலை ஒட்டிய முழுக்கால் உடையும் டீ-ஷர்ட்டும் எவ்வளவோ மேல். ஊராட்சிகளும் சுற்றுலாத் துறையும் கடற்கரைக்குச் செலவு செய்யும்போது செல்ஃபி எடுக்கும் எழுத்துப் பலகைக்கு முன்னால் செய்ய வேண்டியது தாழ்ப்பாள் உள்ள உடைமாற்றும் அறையும், நல்ல தண்ணீர்க் குழாயும்.

உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் இல்லாமல் கடல் குளியல் நிறைவடையாது. திருச்செந்தூரில் கடலில் முழுகியவர்கள் அதற்குச் சற்றுத் தொலைவிலேயே இருக்கும் நாழிக்கிணற்றின் உப்பில்லாத நீரை ஊற்றிக்கொள்கிறார்கள். அந்த வசதி இல்லாத இடங்களுக்குப் போகும்போது வண்டியில் இருபது லிட்டர் கேன் ஒன்றும் ஒரு சொம்பும் எடுத்துப்போனால், குழந்தைகள் அரிப்பில்லாமல் தூங்கிக்கொண்டே வீடு வருவார்கள்.

சென்னைக்காரர்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் திரும்பும் வழியில் அந்தி நேரத்தில் பெசன்ட் நகரில் நின்று பார்க்கலாம். பங்குனி ஆமைகள் தை முதல் கரையேறி முட்டையிடுகின்றன. மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் 1980-களின் இறுதியிலிருந்து இரவெல்லாம் கரையோரம் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். 2025 ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கிய ஆண்டிலும் அந்த நடை நிற்கவில்லை. சுமார் ஐம்பது நாளில் பொரியும் குஞ்சுகளை மாலையில் கடலுக்கு விடும்போது பொதுமக்களும் பார்க்கலாம். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு, மணலில் துடுப்பை ஊன்றி, வெளிச்சம் தெரியும் பக்கத்தை நோக்கி நகரும். இயற்கையில் அது கடல் இருக்கும் பக்கம். அதனால் அவை நீரைத் தொடும்வரை செல்போன் விளக்கை எரியவிடக் கூடாது. கூட்டமும் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும்.